விவேக் நட்ட மரக்கன்றுகள்: ஒரு கோடியா, 33 லட்சமா?

நடிகர் விவேக் தன் வாழ்நாளிலேயே ஒரு கோடி மரங்களை நட்டு முடித்துவிட்டார் என்று ஒரு பதிவில் பகிரப்பட்டிருக்கிறது. அன்பில் எழுதியது என்பது தெரிகிறது. ஆனால் எண் சரியல்ல.

ஒரு கோடி என்பது இலக்கு. அப்துல் கலாம் தந்த ஊக்கத்தில் 2010இல் தொடங்கிய 'கிரீன் கலாம்' என்ற மரம் நடும் இயக்கத்துக்கு அவர் வைத்துக்கொண்ட இலக்கு அது. 2021 ஏப்ரல் 17 அன்று அவர் மறைந்தபோது நடப்பட்டிருந்தவை சுமார் 33 லட்சம் மரக்கன்றுகள்.

சரிபார்ப்பது எளிது. அவர் மறைந்த மறுநாள், 2021 ஏப்ரல் 18 தேதியிட்ட நாளிதழ்களை எடுத்துப் பாருங்கள். இணையத்தில் கிடைக்காவிட்டால் சென்னை கன்னிமாரா நூலகம் போன்ற பெரிய நூலகங்களில் பழைய இதழ்களைக் கேட்கலாம். படிக்கும்போது வினைச்சொல்லைக் கவனியுங்கள். 'ஒரு கோடி மரக்கன்று நடும் திட்டம்' என்பது பகிரப் பகிர 'ஒரு கோடி மரம் நட்ட' என்று ஆகிவிடுகிறது. 'நடும்' 'நட்ட' ஆனதில்தான் பிழை நுழைகிறது. 'மரக்கன்று' 'மரம்' ஆனதும் அப்படித்தான்.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். 11 ஆண்டு என்பது ஏறத்தாழ 4,000 நாள். ஒரு கோடி என்றால் நாள் தவறாமல் 2,500 கன்றுகள் நட்டிருக்க வேண்டும். 33 லட்சத்துக்கே நாளொன்றுக்கு 800க்கு மேல் வருகிறது. படப்பிடிப்புகளுக்கு நடுவே பள்ளி, கல்லூரி மாணவர்களைத் திரட்டிச் செய்த வேலை இது. அந்த எண்ணே மலைக்க வைக்கிறது.

பதிவில் 'நட்டு முடித்தார்' என்பதை '33 லட்சம் நட்டார், இலக்கு ஒரு கோடி' என்று மாற்றிவிடுங்கள்.