படங்களை வரைந்தது ஃபுக்ஸ் அல்ல
லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 'தானே வரைந்த படங்களோடு' 1542-இல் மூலிகை நூலை வெளியிட்டார் என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. இதை மட்டும் ஏற்க முடியவில்லை. ஜெர்மனியின் டியூபிங்கனில் மருத்துவப் பேராசிரியராக இருந்த அவர் செடிகளைத் தேர்ந்தெடுத்தார், விளக்கம் எழுதினார், சரி. ஆனால் செடியைப் பார்த்து வரைந்தவர் ஆல்பிரெக்ட் மேயர். அதை அச்சுக்கான மரக்கட்டையில் ஏற்றியவர் ஹைன்ரிச் ஃபுல்மௌரர். கட்டையைச் செதுக்கியவர் ஃபைட் ருடோல்ஃப் ஸ்பெக்லே. மூவரின் உருவப்படத்தையும் பெயரோடு அந்த நூலிலேயே அச்சிட்டார் ஃபுக்ஸ். கைவினைஞர்களுக்கு அப்படி ஒரு மரியாதை அன்று அபூர்வம். அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? கல்லூரியில் தாவரவியல் ரெக்கார்டுக்கு ஒரு செம்பருத்தியை வரைய எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது, இதழ் வாடுவதற்குள் முடித்தாக வேண்டும். இவர்கள் தந்தவை 500-க்கும் மேற்பட்ட படங்கள், அதுவும் வேரிலிருந்து விதை வரை! அப்புறம், அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒரு நண்பர் ஃபுக்சியா பூவை ஃபுக்ஸ்தான் கண்டுபிடித்தார் என்று எழுதியிருக்கிறார். அந்தச் செடி அமெரிக்காவைச் சேர்ந்தது. ஃபுக்ஸ் இறந்தது 1566-இல். நூறாண்டுக்கும் மேல் கழித்து, கரீபியன் தீவொன்றில் அதைக் கண்ட பிரெஞ்சுத் துறவி சார்ல் ப்ளூமியே, ஃபுக்ஸின் நினைவாக வைத்த பெயர் அது. ஃபுக்ஸ் உண்மையில் படத்தோடு பதிவு செய்த அமெரிக்கச் செடிகளில் ஒன்று நம் மிளகாய். அதை இந்தியாவிலிருந்து வந்தது என்று நம்பி 'கள்ளிக்கோட்டை மிளகு' என்றே குறித்திருக்கிறார்.