பட்டியலுக்கு முன்னால் ஃப்ரிட்ஜைத் திறங்கள்

பட்டியல் போட்டுக் கடைக்குப் போனால் மளிகைச் செலவு குறையும் என்று பலரும் சொல்வது சரிதான். ஆனால் அதற்கு முன்னால் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். எது வாடப்போகிறதோ அதை வைத்தே நாளைய சமையலை முடிவு செய்யுங்கள். 2022-இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில் வீணானதுதான் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை. படித்ததும் பகீரென்றது.

கீரையை ஈரம் போக ஒற்றியெடுத்து, துணியில் சுற்றி வையுங்கள். பழுத்த ஆப்பிளைப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரமே மஞ்சளாக்கிவிடும். அப்புறம், மிஞ்சிய குழம்பு, பொரியலைக் கண்ணாடி டப்பாவில் போட்டு முன்வரிசையில் வையுங்கள். பின்னால் போனால் அவ்வளவுதான், யாருக்கும் ஞாபகம் வராது.