இன்டர்கூலர் பம்ப் மாட்டினால் 20 குதிரைத்திறன் கூடுமா?

"பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பைக் கழற்றி எறியுங்கள், பழைய காரின் இன்டர்கூலர் பம்ப்பை மாட்டுங்கள், 20 குதிரைத்திறன் கூடும்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. வாட்டர் பம்ப் இன்ஜினையே குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடுவது; இன்டர்கூலர் பம்ப் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுற்றவிடும் சின்ன எலக்ட்ரிக் பம்ப்.

பிஎம்டபிள்யூ தன் என்52 இன்ஜினிலேயே எலக்ட்ரிக் பம்ப் வைத்தது, அது இழுப்பது சுமார் 200 வாட். பெல்ட் பம்ப் தின்னும் 2 கிலோவாட் முழுவதும் மிச்சமானாலும் 3 குதிரைத்திறன்கூட வராது. அப்புறம் இருபது எங்கிருந்து?

பெரிய சிக்கல் வேறு. போஷ் இன்டர்கூலர் பம்ப் நிமிடத்துக்குத் தள்ளுவது சுமார் 20 லிட்டர்தான். இன்ஜினுக்கென்றே செய்யும் டேவிஸ் கிரெய்க் இடபிள்யூபி115 பம்ப்பின் பெயரில் உள்ள 115 என்பதே நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கு, அதுவும் சூட்டுக்கு ஏற்ப பம்ப்பை ஓட்டும் கன்ட்ரோலரோடு சேர்த்து மாட்டினால்தான் சரி. சின்னதை மாட்டி டிராக்கில் ரெண்டு சுற்று மிதித்தால் வெப்பமானியின் முள் சிவப்புக்குப் போய்விடும், அந்தச் சூட்டில் போகும் ஹெட் கேஸ்கெட்டின் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடு) செலவு பம்ப்பில் மிச்சம் பிடித்த காசைவிடப் பல மடங்கு. ஐட்லிங்கில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) நன்றாக ஓடியதே என்பார்கள், ஐட்லிங்கில் எதுதான் ஓடாது!

சந்தேகமிருந்தால் பம்ப் தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டில் லிட்டர் கணக்கைப் பாருங்கள். அந்த மெசேஜை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.