தோற்றது அந்தியோக்கஸ்தான், டைஸ் இல்லை

மூன்று நாளாகப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மேசையில் மினியேச்சர் படைகளை நிறுத்தி, டைஸ் போட்டு, அண்ணனும் நானும் ஆடிய போர் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன்; அதன் படங்களை நான் போட்டதும், அதற்குக் கீழே அண்ணன் எழுதியதும், அதற்கு வரிசையாக விழுந்த சிரிப்பு எமோஜிகளும் நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். "தம்பி ஜெயிக்கவில்லை, தம்பியோட டைஸ் ஜெயித்தது." இந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும், பொறுமை இல்லாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம். டைஸ் யாரையும் தோற்கடிப்பதில்லை. அதைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மேசையில் என்னென்ன செய்து வைத்திருக்கிறோமோ, அதைத்தான் அது போட்டு உடைக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். நாங்கள் ஆடியது ரஃபியா போர். கி.மு. 217, காசாவுக்குத் தெற்கே. ஒரு பக்கம் எகிப்தை ஆண்ட நான்காம் தாலமி, மறுபக்கம் சிரியா பக்கத்தை ஆண்ட செலூசிட் அரசர் மூன்றாம் அந்தியோக்கஸ். கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் தரும் கணக்கில் தாலமியிடம் 70,000 காலாள், 5,000 குதிரை, 73 ஆப்பிரிக்க யானை. அந்தியோக்கஸிடம் 62,000 காலாள், 6,000 குதிரை, 102 இந்திய யானை. பத்து யானைக்கு ஒரு மினியேச்சர் என்று வைத்துக்கொண்டதில் எனக்கு 7 வந்தது, அண்ணனுக்கு 10. அந்தியோக்கஸை அண்ணன் கேட்டு வாங்கினார். "பத்து யானை இருக்கும்போது எவனாவது தாலமியை எடுப்பானா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, டைஸ் கணக்குக்கு வருவோம். என் இடது பக்கம் நாலு யானை, எதிரே அவருடைய ஆறு. முதல் மோதலில் நான் போட்டது 1. அடுத்தது 1. அதற்கடுத்தது 2. யானை மிரண்டால் எந்தத் திசையில் ஓடும் என்பதற்கு எங்கள் விதியில் தனியாக ஒரு டைஸ் உண்டு, அதுவும் நேராக என் காவல்படையைத்தான் காட்டியது. என் யானைகளே என் ஆட்களை மிதித்துக்கொண்டு போயின. மூன்றாவது டர்ன் முடிவதற்குள் அந்தப் பக்கமே காலி. அப்போது டைஸ் நியாயமாகத்தான் இருந்தது போல! கை தட்டினார் அண்ணன். "யானைன்னா இதுதான்டா யானை" என்றார். நானும் சிரித்தேன், ஏனென்றால் உண்மையான போரிலும் இதேதான் நடந்தது. இந்திய யானைகளின் நாற்றத்தையும் பிளிறலையும் ஆப்பிரிக்க யானைகளால் தாங்க முடியவில்லை என்று எழுதுகிறார் பாலிபியஸ். பின்வாங்கிய யானைகள் தாலமியின் வரிசையிலேயே புகுந்து அதைக் கலைத்தன.

"யானையை இழந்தவன் எப்படி ஜெயிக்க முடியும், வரலாற்றையே மாற்றிவிட்டாய்" என்று கமெண்ட்டில் ஒருவர் கொதித்திருந்தார். ஐயா, வரலாற்றிலும் தாலமிதான் ஜெயித்தார். அவருடைய யானைகளில் 16 செத்து, மிச்சத்தில் பெரும்பாலானவை பிடிபட்டன. அந்தியோக்கஸுக்குப் போரில் செத்தது மூன்றே யானை. ஆனால் தாலமி இழந்த காலாள் 1,500, அந்தியோக்கஸ் இழந்தது கிட்டத்தட்ட 10,000, அது போக 4,000க்கும் மேல் கைதிகள். யானைக் கணக்கில் அவர் ஜெயித்தார், போரில் தோற்றார். ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குப் பரணி பாடுவது நம் வழக்கம். யானையை எல்லாம் இழந்துவிட்டுப் போரை ஜெயித்தவனுக்கு என்ன பாடுவதாம்? ஒன்றும் வேண்டாம், "டைஸ்" என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

இப்போதுதான் முக்கியமான இடம். என் இடது பக்கம் உடைந்ததும் அண்ணன் தன் அரசரையும் குதிரைப்படையையும் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முயற்சி செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெனரலான அரசர் கூடவே இருப்பதால் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குதிரைகள் நின்றிருக்கும். ஆறில் நாலு வாய்ப்பு. அவர் டைஸைத் தொடவே இல்லை. "துரத்து" என்றார். அடுத்த டர்னிலும் துரத்து. அதற்கடுத்த டர்னிலும் துரத்து. ஓடிக்கொண்டிருந்த என் குதிரைகளின் பின்னால் மேசை ஓரம் வரைக்கும் அரசரை ஓட்டிக்கொண்டு போனார். மூன்று டர்ன் அவருடைய நடுப்படை, நீள ஈட்டிகளோடு நெருக்கமாக நிற்கும் அந்தப் பெரிய காலாள் அணியான ஃபாலங்ஸ், கட்டளை கொடுக்க ஆளில்லாமல் நின்றது. எங்கள் விதியில் ஜெனரல் தூரமாக இருந்தால் படையை நகர்த்த இரண்டு மடங்கு புள்ளி செலவாகும். இருந்த கொஞ்சப் புள்ளியையும் குதிரைக்கே செலவழித்தார். இதில் டைஸ் எங்கே வந்தது?

வலது பக்கத்தில் நான் செய்தது எக்கெக்ராட்டிஸ் செய்ததுதான். அவர் தாலமியின் வலப்பக்கத் தளபதி. தன் யானைகள் எதிரியின் பக்கத்தில்கூடப் போகத் தயங்குவதைப் பார்த்தார். யானையோடு மல்லுக்கட்டாமல், குதிரைகளை ஓட்டிக்கொண்டு யானைகளைச் சுற்றி வந்து பக்கவாட்டில் அடித்தார். என் மூன்று யானையை நான் சும்மா நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்து "பயமா தம்பி?" என்று கேட்டார் அண்ணன். ஆமாம், பயம்தான். பயந்ததால்தான் சுற்றி வந்தேன்.

கடைசி மோதல். நடுவில் ஃபாலங்ஸும் ஃபாலங்ஸும். என் அரசர் பின்னால் நின்றதற்கு எனக்கு 1, என் வரிசை இரட்டை அடுக்காக இருந்ததற்கு 1, அவருடைய பக்கவாட்டு திறந்து கிடந்ததற்கு 1. மொத்தம் மூன்று புள்ளி கூடுதல். இரண்டு பேரும் ஆளுக்கொரு டைஸ் போட்டால் 36 விதமாக விழலாம். மூன்று புள்ளி கூடுதல் இருக்கும்போது அதில் 30இல் எனக்கு வெற்றி, 3இல் சமம், 3இல் அவருக்கு. நான் 6 போட்டேன், அவர் 2 போட்டார். படத்தில் அந்த 6 தெரிகிறது, அதைத்தான் வட்டம் போட்டு எல்லோரும் சிரித்தீர்கள். அந்த இடத்தில் நான் 2 போட்டிருந்தாலும் ஜெயித்திருப்பேன். கூட்டிப் பாருங்கள். அந்த மூன்று புள்ளியை எனக்குக் கொடுத்தது யார்? மேசை ஓரத்தில் போய் நின்ற அரசர்.

இதையும் பாலிபியஸ் எழுதியிருக்கிறார், எனக்கு அதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். அந்தியோக்கஸ் சின்னப் பையன், தன் பக்கம் ஜெயித்ததால் எல்லாப் பக்கமும் ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்துத் துரத்திக்கொண்டே போகிறார். கூட இருந்த மூத்தவர் ஒருவர்தான் தூரத்தில் எழும்பும் தூசியைக் காட்டுகிறார். ஃபாலங்ஸ் நின்ற இடத்திலிருந்து அந்தத் தூசி அவர்களுடைய பாசறையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அப்போதுதான் அவருக்குப் புரிகிறது. திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அப்படியென்றால் டைஸ் எதற்கு, சதுரங்கம் ஆட வேண்டியதுதானே" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, இதை மட்டும் மரியாதையாகக் கேட்டார்கள். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் படை அதிகாரி தன் சக அதிகாரிகளுக்காகப் போர் விளையாட்டு விதிகளை வெளியிட்டபோது அதில் டைஸ் இருந்தது. சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அந்த நிச்சயமின்மையோடுதான் அதிகாரி முடிவெடுக்கப் பழக வேண்டும். டைஸ் மோசமாக விழுந்தாலும் தாங்குகிற மாதிரி படையை நிறுத்துவதுதான் ஆட்டமே. "சரி, ஆனால் நீ நிறைய 6 போட்டாய்" என்பவர்களுக்கு: ஆமாம், போட்டேன். அடுத்தது.

அடுத்தது அந்தப் "பொம்மை" விஷயம். "வர்ணம் பூசிய பொம்மையை வைத்துத் தாயம் ஆடுகிறார்கள்" என்று அண்ணனின் வரிக்குக் கீழே ஒருவர் எழுத, அண்ணன் அதற்கு லைக் போட்டார். மற்றதை எல்லாம் விட்டுவிடுவேன், இந்த லைக்கைத்தான் விட முடியவில்லை. பொம்மைதான், யார் இல்லையென்றது? ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களுக்கு விதி எழுதிப் புத்தகமாகவே போட்டார், அவருக்கு வெட்கமாக இல்லை, எனக்கு ஏன் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஏழு யானைக்கு நாலு மாதம் ஆனது. பிரைமர் அடித்து, சாம்பல் பூசி, மடிப்புகளில் வாஷ் எனும் நீர்த்த வர்ணத்தை இறக்கி, காய்ந்தபின் உலர்ந்த பிரஷ்ஷால் மேடுகளைத் தேய்த்து எடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும். ஃபாலங்ஸ் ஆட்களின் சரிசா என்ற நீள ஈட்டிகளை பிளாஸ்டிக்கில் விட்டால் வளைகிறது என்று கம்பியை வெட்டி ஒட்டினேன், கட்டைவிரலில் குத்தாத இடம் இல்லை. ஒரு யானைக்கு என் மகள் கண் வைத்தாள், ஒரு கண் சின்னது, ஒரு கண் பெரியது. ஞாயிற்றுக்கிழமை முதலில் ஓடியது அந்த யானைதான். அண்ணனுக்கு இது தெரியாதா? அவர் யானையின் பாகனுக்குக் கை உடைந்தபோது என் பசையை வாங்கித்தான் ஒட்டினார். சிரிப்பவர் யாரோ எவரோ, சிரித்துவிட்டுப் போகட்டும். பசை வாங்கியவர் லைக் போடக் கூடாது.

"தோற்ற வருத்தத்தில் ஏதோ எழுதிவிட்டார், பெரிதுபடுத்தாதே" என்று இன்பாக்ஸில் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். தோற்ற வருத்தம் எனக்கும் தெரியும். நான் ஆட ஆரம்பித்த புதிதில் ஹன்னிபால் ரோமைத் தோற்கடித்த கன்னே போரை எடுத்தோம், கி.மு. 216. நான் ரோம். அத்தனை காலாளையும் நடுவில் ஆழமாக அடுக்கி முன்னால் தள்ளிக்கொண்டே போனேன், எதிரே இருந்த காலாள் படை பின்வாங்கப் பின்வாங்க எனக்கு ஒரே குஷி. இரண்டு பக்கமும் ஹன்னிபாலின் லிபியர்கள் திரும்பினார்கள், பின்னால் குதிரை வந்தது, நடுவில் மாட்டிக்கொண்ட என் ஆட்கள் 1, 1, 2, 1 என்று விழுந்தார்கள். டைஸைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன், உண்மையிலேயே எறிந்தேன். எதிரே ஆடியவர் ஒன்றும் சொல்லவில்லை. டைஸைப் பொறுக்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, மினியேச்சர்களை எல்லாம் மூன்று டர்ன் பின்னால் நகர்த்தி வைத்து, "இங்க ஏன் நீ நிக்கல?" என்று மட்டும் கேட்டார்.

அது இதே அண்ணன்தான். டைஸைத் திட்டாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பத்துப் பேர் முன்னால் நான் தோற்றபோது அவர் என்னைப் பற்றி எங்கேயும் ஒரு வரி எழுதவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை அவருடைய குதிரைகளை மூன்று டர்ன் பின்னால் நகர்த்தி வைத்துக் காட்டலாம் என்று கையை நீட்டினேன். பார்க்காமல் எழுந்துவிட்டார். திமிராகத் தெரிந்ததோ என்னவோ, சின்னவன் பெரியவருக்குத் தூசியைக் காட்டக் கூடாது போலிருக்கிறது. ஆட்டம் முடிந்தால் இரண்டு பேருமாகத்தான் படையைப் பெட்டியில் அடுக்குவோம், இத்தனை வருடத்தில் அது மாறியதே இல்லை. அன்றைக்கு அவர் தன்னுடையதை அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் தனியாக ஒரு மணி நேரம் அடுக்கினேன்.

அவசரத்தில் அவருடைய யானை ஒன்று என் பெட்டிக்குள் வந்துவிட்டது. தும்பிக்கை நுனி உடைந்திருந்தது, ஒட்டி, அந்த இடத்துக்கு வர்ணமும் தொட்டு வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளலாம். நானாகக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்.