சிவாஜி கணேசனும் தேசிய விருதும்: உண்மை என்ன?

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்காக சிவாஜி கணேசன் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கினார் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

படம் வந்தது 1959-இல். அப்போது தேசிய விருதுகள் படங்களுக்குத்தான் தரப்பட்டன. நடிகர்களுக்கென்று தனி விருதே கிடையாது. அது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது, முதலில் பெற்றவர் வங்காளத்தின் உத்தம் குமார். தமிழில் முதலில் பெற்றவர் ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆர்.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? கட்டபொம்மனுக்காக சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது உண்மை. ஆனால் தந்தது டெல்லி அல்ல. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழா. சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடங்கள் கட்டிப் பழகியவர் அவர். கட்டபொம்மனையும் முதலில் மேடையில்தான் நடித்தார், படம் அப்புறம். அந்த மேடை உழைப்புக்கு வெளிநாட்டில் கிடைத்த மரியாதையை இப்படி மாற்றிச் சொல்வது வருத்தமாக இருக்கிறது.

பிற்பாடு ‘தேவர் மகன்’ படத்துக்கு அறிவிக்கப்பட்டதும் நடுவர் குழுவின் சிறப்பு விருதுதான். சிறந்த நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. தாதாசாகேப் பால்கே விருது கிடைத்தது. அது வாழ்நாள் பங்களிப்புக்கானது.