"அண்ணா, அது ஃப்ரீதானே?"

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். முன்பு எங்களோடு வேலை பார்த்த தம்பி. இப்போது தனியாக பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கடைகளுக்கு விற்கிறான். "அண்ணா, க்யூட்டி ஃப்ரீதானே? அதுல எழுதினத விக்கலாம்ல?" என்றான். க்யூட்டி என்பது திரையில் ஜன்னல், பட்டன் எல்லாம் போட உதவும் ஜியுஐ லைப்ரரி, அதாவது தயாராக எழுதி வைத்த நிரல் தொகுப்பு. "விக்கலாம்டா, ஆனா..." என்று இழுத்தேன். அந்த 'ஆனா'வைச் சொல்லி முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது.

விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும் ஜியுஐ லைப்ரரி வேண்டும் என்றால் நாமெல்லாம் முதலில் பார்ப்பது பட்டன் அழகாக இருக்கிறதா என்றுதான். தம்பியும் அப்படித்தான். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். மாத விற்பனைக்கு ஒரு பார் கிராஃப் ஜோராக நின்றது. எதில் போட்டாய் என்றேன். "க்யூட்டி சார்ட்ஸ்ணா."

அங்கேதான் வில்லங்கம். க்யூட்டியின் முக்கியப் பாகங்கள் எல்ஜிபிஎல் என்ற கொஞ்சம் தளர்வான லைசென்ஸில் கிடைக்கும். கிராஃப் போடும் சார்ட்ஸ் அப்படி இல்லை, அதைவிடக் கறாரான ஜிபிஎல். கமர்ஷியல் லைசென்ஸ் வாங்காமல் அதைச் சேர்த்து விற்றால், வாங்குகிறவருக்கு நாம் எழுதிய மொத்த நிரலையும் (சோர்ஸ்) ஜிபிஎல்லிலேயே கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே இன்ஸ்டாலரில் டிக் செய்துதான் இறக்குகிறோம். அவனைத் திட்ட மனசு வரவில்லை.

க்யூட்டியின் கதையே லைசென்ஸ் கதைதான். நார்வேயின் ட்ரோல்டெக் 1995-ல் வெளியிட்டபோது சோர்ஸ் கிடைத்தது. ஆனால் அதைத் திருத்தி மற்றவருக்குக் கொடுக்க அனுமதி இல்லை. 1996-ல் கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் அதன்மேல் எழும்ப, அடுத்த வருஷமே அந்த லைசென்ஸ் பிடிக்காதவர்கள் க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பை ஆரம்பித்தார்கள். லினக்ஸில் இன்றைக்கும் இரண்டு பெரிய டெஸ்க்டாப் இருப்பதற்கு ஒரு லைசென்ஸ் ஃபைலும் காரணம்! 2000-ல் ஜிபிஎல், நோக்கியா கைக்குப் போன பிறகு 2009-ல் எல்ஜிபிஎல். 2020-ல், நீண்டகால ஆதரவுப் பதிப்புகளின் திருத்தங்கள் காசு கட்டியவர்களுக்கு மட்டும் என்று புது அறிவிப்பு. கம்பெனி பிழைக்க வேண்டும், புரிகிறது. ஆனால் இதையெல்லாம் விடாமல் கவனிக்க நம் தம்பியிடம் வக்கீலா இருக்கிறார்?

எல்ஜிபிஎல்லிலும் ஒரு முடிச்சு உண்டு. கடைக்காரருக்கு நாம் கொடுப்பது பென் டிரைவில் ஒரே ஒரு இஎக்ஸ்இ. லைப்ரரியை டிஎல்எல் என்று தனியாக நாலு ஃபைலாக வைத்தால், இடத்தைக் காலி பண்ணுகிறேன் என்று யாராவது அழித்துவிடுவார்கள். அதனால் ஸ்டாட்டிக் லிங்க், அதாவது லைப்ரரியையும் இஎக்ஸ்இக்குள்ளேயே பொதிந்துவிடுவது. எல்ஜிபிஎல்லில் அப்படிச் செய்தால், பயனர் லைப்ரரியை மாற்றி மறுபடி லிங்க் செய்துகொள்ள நம் நிரலின் ஆப்ஜெக்ட் ஃபைல்களையாவது (கம்பைல் ஆகி, இன்னும் ஒன்றாகச் சேர்க்காத துண்டுகள்) கொடுத்தாக வேண்டும். எத்தனை பேர் கொடுக்கிறோம்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

இதனால்தான் எனக்கு டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என்ற இன்னொரு ஜியுஐ லைப்ரரி மேல் பாசம். 1992-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கியது. (முன்பு பெயர் டபிள்யூஎக்ஸ்விண்டோஸ். மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டதால் 2004-ல் மாறியது.) லைசென்ஸ் அடிப்படையில் எல்ஜிபிஎல்தான், கூடவே ஒரு விதிவிலக்கு. லைப்ரரியை வைத்துச் செய்ததை பைனரியாக (சோர்ஸ் இல்லாமல், ஓடும் வடிவில்), உன் சொந்த நிபந்தனையில் கொடுத்துக்கொள் என்கிறது. நீ செய்த திருத்தத்துக்கும் இந்த விலக்கு பொருந்துமா என்பது உன் இஷ்டம். நாலே பாயிண்ட், டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். எஃப்எல்டிகே என்ற வேறொரு ஜியுஐ லைப்ரரியும் எல்ஜிபிஎல்லோடு ஸ்டாட்டிக் லிங்குக்கு இதே மாதிரி கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

டபிள்யூஎக்ஸின் ஆவணமும் எனக்குப் பிடிக்கும். பட்டன், டெக்ஸ்ட் பாக்ஸ் மாதிரியான பல கன்ட்ரோல்களுக்கு, அது விண்டோஸில், லினக்ஸின் ஜிடிகேயில், மேக்கில் எப்படித் தெரியும் என்று மூன்று படங்கள். எந்த வசதி எந்த மேடையில் மட்டும் என்பதும் அங்கேயே இருக்கும். ஒருமுறை டெக்ஸ்ட் பாக்ஸில் என்டர் தட்டினால் என் ஃபங்ஷன் கூப்பிடப்படவே இல்லை. அரை நாள் போச்சு. கடைசியில் மேனுவலின் ஸ்டைல் பட்டியலில் ஒரு வரி: என்டருக்கென்று தனி ஸ்டைல் உண்டு, அதைக் கொடுக்காவிட்டால் என்டர் தட்டிய தகவலே (ஈவென்ட்) நம் நிரலுக்கு வராது. தப்பு என்னுடையது, மேனுவலைத் திறக்காத தப்பு.

சரி, அந்த ஆவணத்துக்கு லைசென்ஸ் என்ன? இதை யாரும் கேட்பதே இல்லை. டபிள்யூஎக்ஸ் அதற்கென்று தனி லைசென்ஸே எழுதி வைத்திருக்கிறது. க்யூட்டியில் கையேடு ஜிஎஃப்டிஎல் (ஆவணங்களுக்கான லைசென்ஸ்), உதாரண நிரல்கள் பிஎஸ்டி (தாராளமான நிரல் லைசென்ஸ்). இந்தப் பிரிவு வெட்டி வேலை இல்லை. டுடோரியலில் இருந்து எட்டு வரி சுட்டு என் புரோகிராமில் ஒட்டுகிறேன் என்றால், அந்த எட்டு வரி எந்த நிபந்தனையில் வந்தது? பல சின்ன லைப்ரரிகள் இதைப் பற்றி மூச்சே விடுவதில்லை.

அப்படி ஒன்றில் நானே மாட்டினேன். பெயர் வேண்டாம், நல்ல லைப்ரரி, நிரல் எம்ஐடி என்ற தாராளமான லைசென்ஸ். அதன் டுடோரியலைத் தமிழில் எழுதினால் டிப்ளமோ பிள்ளைகளுக்கு உதவுமே என்று இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன். போடப் போகும்போதுதான் பக்கத்தின் அடியைப் பார்த்தேன்: அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை. நிரலுக்கு ஒரு நியாயம், விளக்கத்துக்கு வேறு நியாயம். மொழிபெயர்க்க அனுமதி கேட்டு இரண்டு மெயில் போட்டேன். பதில் இல்லை.

இருபத்திரண்டு பக்கம். லேப்டாப்பில் அப்படியே கிடக்கிறது. தம்பி சார்ட்ஸை எடுத்துவிட்டு கிராஃபைக் கையாலேயே வரைந்துகொண்டிருக்கிறான். பார்கள் கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கின்றன, பரவாயில்லை என்கிறான்.