குடித்த நாளிலும் கிளினிக் கதவு திறந்திருக்க வேண்டும்

மனச்சிதைவு நோய்க்கோ இருமுனைய மனநிலைக் கோளாறுக்கோ மருந்து எடுத்துவரும் ஒருவர், குடியை நிறுத்தும் சிகிச்சையும் பெற்று வீடு திரும்பி, சில மாதங்களில் மறுபடியும் குடிக்கத் தொடங்கினால், வட இலங்கையின் வன்னியில் அவரைப் பற்றி இரண்டு தீர்ப்புகள்தான் சொல்லப்படுகின்றன. 'இவனுக்கு வருத்தமில்லை, கொழுப்பு' என்பது ஒன்று. 'இவ்வளவு செய்தும் திருந்தாத ஆளை இனி என்ன செய்ய' என்பது மற்றது. முதலாவது அவருடைய நோயையே மறுக்கிறது. இரண்டாவது சிகிச்சையை முடித்துவைக்கிறது. மறுபடி குடிப்பதை நோயின் போக்கில் எதிர்பார்க்க வேண்டிய ஒரு கட்டமாக எடுத்துக்கொண்டு, சிகிச்சையை அன்றைக்கே தொடர்வதுதான் சரி என்று நான் கருதுகிறேன்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கடுமையான மனநோயோடு மது, போதைப் பழக்கமும் உள்ளவர்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், பழக்கத்திலிருந்து முழுமையாக விடுபட்டவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முதல் ஆண்டுக்குள் அதற்குத் திரும்பினர்; ஆய்வு முடிவதற்குள் அது மூன்றில் இரண்டு பங்காயிற்று. போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை தொடராமல் விடப்பட்டவர்கள் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வசதியும் ஆளணியும் உள்ள ஒரு நாட்டின் கணக்கு இது. நாங்களோ ஒரே தடவை வைத்தியசாலை வாட்டில் வைத்து அனுப்பிவிட்டு, துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் குடும்பம் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஏன் திரும்புகிறார்கள் என்று கேட்டால், காதில் கேட்கும் குரல்களை அடக்கவும் 2009இல் முடிந்த போரின் நினைவுகளை மறக்கவும் என்ற பதில் உடனே வந்துவிடும். அதில் உண்மை உண்டு; ஆனால் பாதி உண்மைதான். மருந்துகள் சிலருக்குக் கொடுக்கும் நிலைகொள்ளாமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கால்கள் ஓரிடத்தில் நிற்க மறுக்கும். இருக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. வைத்தியரிடம் சொன்னால் மருந்தின் அளவைக் குறைத்தோ வேறு மருந்தைக் கொடுத்தோ பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய இந்தத் தொல்லைக்கு, சொல்லத் தெரியாதவர் கண்டுபிடிக்கும் மருந்து கசிப்பு என்ற கள்ளச் சாராயமாக இருந்துவிடுகிறது. இன்னொன்று தனிமை. வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், கலியாண வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள், சொந்தச் சகோதரர்களே பிள்ளைகளைத் தள்ளிவைப்பார்கள். அப்படிப்பட்டவரை 'வா அண்ணை, இரு' என்று கேள்வி கேட்காமல் இருத்துகிற இடம் ஊரில் தவறணை மட்டும்தான் என்றால், அவர் அங்கே போவதைப் பற்றி நாங்கள் அதிகம் வியக்க வேண்டியதில்லை.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நேர்ந்துகொண்டு, ஒரு துளியும் தொடாமல் விரதம் காக்கும் குடிகாரர்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். நிறுத்துவதற்கு ஒரு காரணமும் கூடவே நாலு பேரும் இருந்தால் நிறுத்த முடிகிறது. பொங்கல் முடிந்த அடுத்த கிழமைக்குத்தான் எங்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

சிகிச்சை தரும் இடங்களிலும் இதே வெற்றிடம் உண்டு. மனநோய்க் கிளினிக்கில் 'முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்கிறார்கள். குடியை நிறுத்தும் நிலையத்தில் 'குரல் கேட்கிறவரை இங்கே வைத்திருக்க முடியாது' என்கிறார்கள். கிளினிக் கொப்பியோடு இரண்டுக்கும் இடையில் பஸ் ஏறி இறங்குவது பெரும்பாலும் ஒரு தாய் அல்லது மனைவி. ஒரே ஆளுக்குள் இருக்கும் இரண்டு நோய்களையும் ஒரே குழு, ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்பது 1980களிலிருந்தே உளமருத்துவத்தில் வலியுறுத்தப்பட்டுவரும் விடயம். இங்கே அதைச் செய்வதற்கு மருந்தைவிட மனம்தான் முதலில் தேவைப்படுகிறது.

வீடுகளில் நடப்பவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது, குடித்த அன்று மருந்தை நிறுத்தும் வழக்கம். 'வெறியில் குளிசை போட்டால் ஆள் செத்துப்போகும்' என்ற பயத்தில் அன்றைய மருந்து விடுபடுகிறது. மறுநாளும் குடித்தால் அதுவும் விடுபடுகிறது. ஒரு மாதத்தில் குடியோடு பழைய நோயும் முழுதாகத் திரும்பி நிற்கிறது. பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. டயசிபாம் போன்ற உறக்க மாத்திரைகளோடு மது சேர்வது மூச்சையே பாதிக்கலாம். இருமுனையக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் எடுப்பவருக்கு வாந்தியும் நீரிழப்பும் ஏற்பட்டால் அது இரத்தத்தில் நஞ்சாகும் அளவுக்கு உயரக்கூடும். ஆனால் எல்லா மருந்துகளும் அப்படியானவை அல்ல. குடித்த நாளில் எதைக் கட்டாயம் கொடுப்பது, எதைத் தள்ளிவைப்பது என்பதை வைத்தியர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 'இவர் இனிக் குடிக்கவே மாட்டார்' என்ற பாவனையில் எல்லோரும் இருப்பதால் அந்தக் கேள்வி கேட்கப்படுவதேயில்லை. குளிசையை மறப்பவர்களுக்கு மாதத்துக்கொரு தடவை போடும் ஊசி இருக்கிறது. அதையும் பல குடும்பங்கள் கேட்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. தொடர்ந்து குடித்துவந்தவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் உடல் நடுங்கி, நினைவு தடுமாறி, இல்லாதவற்றைக் காணத் தொடங்கலாம். ஏற்கெனவே மனநோய் உள்ளவர் என்பதால் 'பழைய வருத்தம் கிளம்பிவிட்டது' என்று வீட்டிலேயே வைத்திருப்பார்கள். அது உயிரை எடுக்கக்கூடிய நிலை. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியது.

குடியை நிறுத்தவென்று சாப்பாட்டில் களவாகத் தூள் கலந்து கொடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டைசல்பிராம் என்ற அந்த மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழும். கடைசியாகக் கொடுத்து இரண்டு கிழமை வரையிலும் இது நடக்கலாம். தெரிந்து சம்மதித்து எடுப்பவருக்கு, வைத்தியரின் கண்காணிப்பில் அது உதவும். ஆனால் சிலருக்கு அதே மருந்து மனப்பிறழ்வைத் தூண்டிவிடக்கூடியது. 'சாப்பாட்டில் நஞ்சு வைக்கிறார்கள்' என்று ஏற்கெனவே சந்தேகப்படும் ஒருவருடைய சாப்பாட்டில் உண்மையாகவே எதையோ கலந்துவிட்டு, பிறகு அவர் எங்களை நம்பி மருந்து எடுக்கவேண்டும் என்று கேட்பது எந்த நியாயம்?

மதுக்கடைகளைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது என்று சிலர் சொல்வார்கள். 2024 டிசம்பரில் மதுபான அனுமதிப் பட்டியல் பாராளுமன்றத்தில் வெளியிடப்பட்டபோது கிளிநொச்சிக்கு வழங்கப்பட்டவை இங்கே பெரிதும் பேசப்பட்டன. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் கடைகளை மூடினாலும் கசிப்பு காட்டுக்குள் காய்ச்சப்பட்டுக்கொண்டே இருக்கும். இந்த நோயாளிக்கு வேண்டியது வேறு.

சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது சிறியது. குடித்திருக்கிறார் என்பதற்காகக் கிளினிக்கிலிருந்து யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். மோசமான வெறியென்றால் ஓரமாக இருத்திவைத்து, தெளிந்தபின் பாருங்கள். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில், மறுபடி குடித்தால் எந்த மருந்தைக் கொடுப்பது, யாருக்கு அழைப்பது என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். திகதிக்கு வராதவரை அடுத்த மாதம் வரை விட்டுவைக்காமல் அதே கிழமை தேடிப்போக ஓர் ஆளை நியமியுங்கள். இவை நடக்கும்வரை, இரவில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் குடும்பங்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.